பல வாசல் கொண்ட வீடு: பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகளும் கைப்பேசிச் செயலிகளும்



சென்ற பள்ளி விடுமுறையின் முதல் நாள் காலையில் சக ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், நீங்கள் சொன்னபடி மாஸ்டோடனில் கணக்குத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். கைப்பேசியில் பெயரைத் தேடினால் பத்துக்கு மேற்பட்ட செயலிகள் வந்து நிற்கின்றன. எது அசல், எது போலி? எதைப் பதிவிறக்கம் செய்வது?" என்று கேட்டார். எல்லாமே அசல்தான் என்று நான் கூறியதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. முகநூலுக்கு ஒரு செயலி, புலனத்திற்கு ஒரு செயலி என்று பழகிய நமக்கு, ஒரே வலையமைப்புக்குப் பல செயலிகள் என்பது குழப்பத்தைத் தருவது இயல்பே.

இந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு வருத்தமான நிகழ்வும் உண்டு. எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, மாணவர்கள் கூறிய கதைகளின் ஒலிப்பதிவுகளையும் அவர்கள் எழுதிய சிறு கவிதைகளையும் எட்டு ஆண்டுகளாக ஓர் இலவசச் சேவையில் சேர்த்து வைத்திருந்தோம். அந்தச் சேவையை நடத்திய நிறுவனம் ஒரு நாள் கடையை மூட முடிவு செய்தது. முப்பது நாள் அவகாசம் கொடுத்து மின்னஞ்சலும் அனுப்பியது. அந்த மின்னஞ்சலோ, வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றுவிட்ட ஓர் ஆசிரியரின் பழைய முகவரியில் திறக்கப்படாமலே கிடந்தது. நாங்கள் விழித்துக்கொண்டபோது பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் போய்விட்டன. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்ட நரிக்கதையைத் தன் மழலைக் குரலில் கூறிய பதிவும் அவற்றுள் ஒன்று. இன்று அவள் இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அந்தக் குரலை இனி எங்கும் கேட்க முடியாது.

எனவே, 'எந்தச் செயலி?' என்ற வினாவிற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இந்த வலையமைப்புகள் எப்படித் தோன்றின, அவற்றின் செயலிகளை யார் யார் ஏன் படைத்தார்கள் என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால், தெரிவு நமக்கே எளிதாகிவிடும்.

உரிமையாளர் இல்லாத வலையமைப்பு

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்றதும் ஏதோ புதுமை என்று எண்ண வேண்டா. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மின்னஞ்சலே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக மடல் அனுப்பிக் காட்டினார். 1982ஆம் ஆண்டில் அதற்கான பொது நெறிமுறை வகுக்கப்பட்டது. அன்று முதல், எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்தும் எந்த நிறுவனத்தின் முகவரிக்கும் மடல் போய்ச் சேர்கிறது. அந்த மடலைப் படிக்க எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அனுப்பியவர் கேட்பதில்லை. முகவரி வேறு, மடல் படிக்கும் செயலி வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். இக்கட்டுரையில் வரும் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

மின்னஞ்சலைப் போலவே, கலந்துரையாடலுக்கென்று எழுந்த யூஸ்நெட் என்ற அமைப்பும் உரிமையாளர் இல்லாதது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் அதைத் திட்டமிட்டனர். மறு ஆண்டு அது செயற்பாட்டுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அடுத்ததற்குச் செய்திகளை அனுப்ப, அது அதற்கடுத்ததற்கு அனுப்ப, உலகெங்கும் உரையாடல் பரவியது. ஆக, சமூக வலையமைப்புகளின் மூத்த தலைமுறை பரவலாக்கப்பட்டதாகவே இருந்தது. ஒரே நிறுவனத்தின் கூரைக்கு அடியில் எல்லாரும் குடியேறியது பின்னர் நிகழ்ந்த மாற்றம்.

திறந்த வாசலும் மூடிய வாசலும்

அந்த மாற்றத்தின் கதையை டுவிட்டரின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சேவையை நம்மில் பலர் கீச்சகம் என்று அழைத்தோம். தொடக்கத்தில் அந்நிறுவனம் தாராளமாக நடந்துகொண்டது. வெளியிலுள்ள நிரலர்கள் தங்கள் செயலிகளை டுவிட்டருடன் இணைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்தது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐகான்ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் 'டுவிட்டரிஃபிக்' என்ற செயலியை வெளியிட்டது. டுவிட்டர் என்றதும் நம் நினைவுக்கு வந்த பறவைச் சின்னம் முதலில் இச்செயலியில்தான் இடம்பெற்றது. பின்னர் லோரன் பிரிக்டர் என்பவர் தனியொருவராக 'டுவீட்டி' என்ற செயலியைப் படைத்தார். திரையை விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிய செய்திகள் வந்து சேரும் முறை அச்செயலியின் வழியாகத்தான் பரவியது. இன்று நாம் எத்தனையோ செயலிகளில் அவ்வாறு செய்கிறோம்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டுவிட்டர் நிறுவனம் டுவீட்டியை விலைக்கு வாங்கித் தன் சொந்தச் செயலியாக ஆக்கிக்கொண்டது. அதன் பிறகு வெளியார் செயலிகளின் மீது அதன் பார்வை மாறியது. விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனம், தன் விளம்பரத்தைக் காட்டாத செயலிகளை நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது என்பது இயல்பு. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெரும்பாலான புதிய செயலிகள் 1,00,000 பயனர்களுக்கு மேல் சேர்க்க வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் அந்நிறுவனத்தை வாங்கினார். 2023 ஜனவரி 12ஆம் நாள், டுவிட்டரிஃபிக், டுவீட்பாட் முதலிய செயலிகள் எந்த முன்னறிவிப்பும் இன்றிச் செயலிழந்தன. ஒரு வாரம் கழித்தே, அத்தகைய மாற்றுச் செயலிகளுக்கு இடமில்லை என்று விதி திருத்தப்பட்டது. பதினாறு ஆண்டு உழைப்பு ஓர் இரவில் முடிவுக்கு வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அச்செயலிகளில் பிழை ஏதுமில்லை; அவற்றை விரும்பிய பயனர்களும் குறையவில்லை. வீட்டின் உரிமையாளர் வாசலை அடைத்துவிட்டார், அவ்வளவுதான். எங்கள் மாணவர்களின் குரல்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

மாற்று வழி தேடியவர்கள்

டுவிட்டர் புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டிலேயே, கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த இவான் புரோட்ரோமு, 'ஐடென்டிகா' என்ற சேவையைத் தொடங்கினார். பார்வைக்கு அது டுவிட்டரைப் போன்றதே. ஆயினும் அதன் மென்பொருள் திறமூலமாக வழங்கப்பட்டது. விரும்பியவர் அதைத் தம் கணினியில் நிறுவித் தமக்கென ஒரு சேவையை நடத்தலாம். ஒரு சேவையில் இருப்பவர் மற்றொரு சேவையில் இருப்பவரைப் பின்தொடரலாம். டுவிட்டருக்கென எழுதப்பட்ட செயலிகள் சிறு மாற்றத்துடன் இதனோடும் பேசும்படி அம்மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. புதிய ஊருக்குப் பழைய வண்டியிலேயே வரலாம் என்று வழிவிட்டது அறிவார்ந்த செயல் எனலாம்.

2010ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர், முகநூலுக்கு மாற்றாக 'டயஸ்போரா' என்ற வலையமைப்பை உருவாக்கப் போவதாக அறிவித்துப் பொதுமக்களிடம் 10,000 அமெரிக்க டாலர் நன்கொடை கேட்டனர். ஏறத்தாழ 2 இலட்சம் டாலர் குவிந்தது. மக்கள் மனத்தில் அப்படியொரு தாகம் இருந்திருக்கிறது. ஆனால் டயஸ்போரா பெரிய அளவில் பரவவில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் தலைப்புக்குரியது. வெளிச்செயலிகள் இணைவதற்கான இடைமுகம் அதில் நீண்டகாலம் இல்லாதிருந்தது. உலகம் மேசைக்கணினியை விட்டுத் திறன்பேசிக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. நல்ல கைப்பேசிச் செயலி இல்லாத வலையமைப்பு, எவ்வளவு உயர்ந்த நோக்கம் கொண்டதாயினும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் கைக்கு வந்து சேராது.

யானைச் சின்னத்தின் வருகை

2016ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர் மாஸ்டோடனை வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. மாஸ்டோடன் என்பது யானையை ஒத்த, அழிந்துபோன ஒரு பெருவிலங்கின் பெயர். ஒரு பதிவுக்கு 500 எழுத்துகள் என்பது அதன் வழக்கமான அளவு. ஐடென்டிகா வகுத்த வழியைப் பின்பற்றி, ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு வழங்கியை நடத்தலாம். எல்லா வழங்கிகளும் ஒன்றோடொன்று பேசும். இவ்வாறு பேசுவதற்கான 'ஆக்டிவிட்டிபப்' என்ற நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. அதை எழுதியவர்களுள் 2008இல் ஐடென்டிகாவைத் தொடங்கிய அதே இவான் புரோட்ரோமுவும் ஒருவர். பத்தாண்டுக் கால முயற்சி பொது நெறிமுறையாகக் கனிந்தது.

டயஸ்போராவில் இல்லாத ஒன்று மாஸ்டோடனில் தொடக்கத்திலேயே இருந்தது. வெளிச்செயலிகளுக்கான இடைமுகத்தை அது திறந்தே வைத்திருந்தது. அதனால் 2017ஆம் ஆண்டிலேயே, ஐபோனுக்கு அமரோக், ஆண்டிராய்டுக்கு டஸ்கி, ஜப்பானியர் ஒருவர் படைத்த சப்வே டூட்டர், பிற்காலத்தில் ஃபெடிலாப் எனப் பெயர் மாறிய மாஸ்டலாப் என வரிசையாகச் செயலிகள் வந்தன. இவற்றைப் படைத்தவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் வாங்கிச் செய்யவில்லை. மாலை நேரத்திலும் வார இறுதியிலும் ஆர்வத்தால் எழுதியவர்கள். இவற்றுள் அமரோக் பின்னாளில் வளர்ச்சி நின்று மறைந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் வேறு செயலியை நிறுவி, அதே கணக்கில் நுழைந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். 2023இல் டுவிட்டர் பயனர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

மாஸ்டோடனின் சொந்தச் செயலி என்று ஒன்று ஐந்து ஆண்டுகள் வரை இல்லவே இல்லை. 2021 ஜூலையில் ஐபோனுக்கும் 2022 ஏப்ரலில் ஆண்டிராய்டுக்கும் அது வெளிவந்தது. பெயரைத் தேடி வருவோருக்கு அதே பெயரில் ஒரு செயலி கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. என் தோழி கேட்ட அதே கேள்வியை உலகெங்கும் பலர் கேட்டிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்குகிறது. புதியவர்களைக் குழப்பக் கூடாது என்று கருதி, வழங்கியில் உள்ளோர் அனைவரின் பதிவுகளையும் காட்டும் பொது வரிசைகளை அச்செயலி முதலில் விட்டுவிட்டது. பழைய பயனர்கள் குறைபட்டுக்கொண்டனர். செயலி திறமூலமாக இருந்ததால், ஒருவர் அதையே எடுத்து, விடுபட்டவற்றைச் சேர்த்து 'மெகலோடான்' என்ற பெயரில் வெளியிட்டார். குறைகூறுவதோடு நில்லாமல் செய்துகாட்டவும் இங்கே வழி இருக்கிறது.

2022 அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில், மாதந்தோறும் மாஸ்டோடனைப் பயன்படுத்துவோர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது என்று ரோஷ்கோ அறிவித்தார். டுவிட்டரை விட்டு வந்தவர்களின் அலை அது. அதில் வந்த எல்லாரும் தங்கிவிடவில்லை. பலர் சில மாதங்களில் திரும்பிச் சென்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் டுவீட்பாட் செயலியைப் படைத்த டேப்பாட்ஸ் நிறுவனம், டுவிட்டரின் வாசல் அடைபட்ட அதே 2023 ஜனவரியில் மாஸ்டோடனுக்கென 'ஐவரி' என்ற கட்டணச் செயலியை வெளியிட்டது. அதே மாதம் 'ஐஸ் கியூப்ஸ்' என்ற திறமூலச் செயலியும் ஐபோனுக்கு வந்தது. ஒரு வாசலை மூடியதால் வெளியேறிய கைத்திறன் மற்றொரு வீட்டின் வாசல்களை அழகாக்கியது.

அடுத்த தெருவில் புதிய வீடுகள்

டுவிட்டர் நிறுவனமே 2019 டிசம்பரில் அறிவித்த ஆய்வுத் திட்டமாகத் தோன்றிய 'புளூஸ்கை', பின்னர் தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் நெறிமுறை வேறு. ஆகவே மாஸ்டோடனுக்கான செயலியில் புளூஸ்கைக் கணக்கைத் திறக்கலாம் என்று பொதுவாக எதிர்பார்க்க வேண்டா. அங்கே பரவலாக்கத்திற்கான வழிமுறை வகுக்கப்பட்டிருந்தாலும், பெரும்பாலான கணக்குகள் அந்நிறுவனத்தின் வழங்கிகளிலேயே உள்ளன.

தமிழாசிரியர் என்ற முறையில் புளூஸ்கையில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பத்தைக் கூறியே ஆக வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டால், மூன்று என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வான். டுவிட்டர் அதை ஐந்தாக எண்ணியது. மகரத்தின் மேல் வரும் விசிறியையும் ழகரத்தின் மேல் வரும் புள்ளியையும் தனித்தனியே கணக்கில் சேர்த்ததே காரணம். புளூஸ்கை 300 எழுத்துகள் என்று வரையறுக்கும்போது, உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது. நம் நெடுங்கணக்கின்படி அந்த எண்ணிக்கையே சரி.

எழுத்து என்றதும் நம் பகுதியின் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாமையால், பெறுபவரின் கைப்பேசியிலும் அச்செயலி இருந்தால்தான் செய்தியைப் படிக்க முடிந்தது. பின்னர் யூனிகோடு எனும் பொதுக் குறியீட்டைக் கைப்பேசிகள் ஏற்றுக்கொண்டன. இன்று நாம் எதில் தட்டச்சு செய்தாலும் எதிலும் படிக்கலாம். பொதுத்தரம் வந்த பிறகு செயலி நம் விருப்பத்திற்குரியதாயிற்று. சமூக வலையமைப்புகளிலும் அதே மாற்றம் நிகழ வேண்டும் என்பதே மேலே கண்டவர்கள் பட்ட பாட்டின் பொருள்.

செயலியால் காக்க முடியாதவை

இதுவரை கூறியதைக் கொண்டு, செயலியைச் சரியாகத் தெரிவு செய்துவிட்டால் எல்லாம் பாதுகாப்பாகிவிடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செயலி வெறும் வாசலே. நம் பதிவுகள் இருப்பது வழங்கியில். அந்த வழங்கியை நடத்துபவர் ஒரு தனிமனிதராகவோ தொண்டு அமைப்பாகவோ இருக்கலாம். அவர் சோர்ந்து போகலாம். பணம் தீர்ந்து போகலாம். பெரிய அமைப்பாக இருந்தாலும் இதே நிலைதான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா தானே நடத்திய மாஸ்டோடன் வழங்கியை 2024 டிசம்பர் 17ஆம் நாள் மூடிவிட்டது.

ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயரும்போது நம்மைப் பின்தொடர்வோரையும் உடன் அழைத்துச் செல்லும் வசதி 2019ஆம் ஆண்டில் மாஸ்டோடனுக்கு வந்தது. ஆனால் பழைய பதிவுகள் உடன் வருவதில்லை. அவற்றைத் தொகுப்பாக இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். அதை நாமேதான் செய்ய வேண்டும். எட்டு ஆண்டுப் பதிவுகளை இழந்த எனக்கு, வேறெந்த வசதியைவிடவும் இதுவே பெரிதாகப் படுகிறது.

வாசலைக் காப்பவர்களுக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு என்பதற்கு 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன 'கேப்' என்ற வலைத்தளத்தின் செயலியைச் செயலிக் கடைகள் ஏற்க மறுத்திருந்தன. அது தன் மென்பொருளை மாஸ்டோடனுக்கு மாற்றிக்கொண்டது. அவ்வாறு செய்தால் அதன் பயனர்கள் மாஸ்டோடன் செயலிகள் வழியாக நுழைய முடியும் அல்லவா? டஸ்கி உள்ளிட்ட சில செயலிகள் உடனே அந்தத் தளத்தைத் தடுத்துவிட்டன. வேறு சிலர், தடுப்பது செயலியின் வேலையன்று, வழங்கியின் வேலை என்று வாதிட்டனர். பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் நமக்கு இந்த வாதம் தொலைவில் உள்ளதன்று. செயலியைத் தெரிவு செய்யும் முன், நம் வழங்கியின் விதிமுறைகளைப் படித்துப் பார்ப்பது கடமை.

தெரிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

வரலாறு கற்பித்த பாடங்களைச் சில வினாக்களாகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, இச்செயலி எதனால் பிழைக்கிறது? நன்கொடையாலா, சந்தாவாலா, விளம்பரத்தாலா? பணம் கேட்பது குற்றமன்று. படைத்தவருக்கு வருவாய் இருந்தால் செயலி நீடித்து வாழும். எதனால் பிழைக்கிறது என்பதே தெரியாத செயலியிடம்தான் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, அதன் மூலநிரல் திறந்திருக்கிறதா? நம்மில் பலருக்கு நிரல் படிக்கத் தெரியாது. ஆயினும் படிக்கத் தெரிந்த மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பதும், படைத்தவர் கைவிட்டால் வேறொருவர் எடுத்து நடத்தலாம் என்பதும் நமக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது, கடவுச்சொல்லை எங்கே கேட்கிறது? நேர்மையான மாஸ்டோடன் செயலி தன் திரையில் கடவுச்சொல்லை வாங்காது. நம் வழங்கியின் பக்கத்தை உலாவியில் திறந்து, அங்கே நம்மை நுழையச் செய்து, அனுமதியை மட்டும் பெற்றுக்கொள்ளும். பிற்பாடு அச்செயலி வேண்டாமென்றால் வழங்கியின் அமைப்புப் பக்கத்தில் அனுமதியை நீக்கிவிடலாம்.

நான்காவது, அண்மையில் எப்போது புதுப்பிக்கப்பட்டது? ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத செயலி, பாராமரிப்பற்ற வீட்டின் கதவைப் போன்றது. எந்த நாளிலும் கழன்று விழலாம்.

ஐந்தாவது, தமிழ் அதில் ஒழுங்காகத் தெரிகிறதா? நீண்ட சொற்கள் வரியின் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா, எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா, படத்திற்கு விளக்கக் குறிப்பு எழுத வசதி உண்டா என்று பாருங்கள். பார்வைக் குறைபாடுள்ள பெற்றோருக்கு அந்த விளக்கக் குறிப்பே கண்.

பெற்றோர்களுக்குத் தனியே இரண்டு சொற்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றுள் எதிலும் கணக்கு வேண்டா. பிள்ளைகளின் படைப்பை வெளியிடுவதானால் பெரியவர்களின் கணக்கில், பெயரும் முகமும் பள்ளியும் தெரியாதவாறு வெளியிடுவதே முறை. மேலும், மாஸ்டோடனில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தி முத்திரையிட்ட மடல் போன்றதன்று. வழங்கியை நடத்துபவர் நினைத்தால் அதைப் படிக்க முடியும். பிள்ளைகளைப் பற்றிய எந்தத் தனிப்பட்ட செய்தியையும் அதில் எழுதாதீர்கள்.

தோழிக்கு நான் சொன்னது

இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லி முடித்தபோது அரைமணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டது. "எல்லாம் சரி டீச்சர், கடைசியில் எதைத்தான் எடுப்பது?" என்று அவர் சிரித்தார். வழங்கியை முதலில் நிதானமாகத் தெரிவு செய்யுங்கள். செயலியை அதன் பிறகு தயங்காமல் எடுங்கள் என்றேன். தொடங்குபவருக்கு மாஸ்டோடன் என்ற பெயரிலேயே உள்ள செயலி போதும். பழகிய பிறகு ஆண்டிராய்டில் டஸ்கியையும் ஐபோனில் ஐஸ் கியூப்சையும் முயன்று பார்க்கலாம். பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். கணக்கிற்கு ஒரு குறையும் வராது.

அவர் அப்படியே செய்தார். இரண்டு வாரம் கழித்து, தம் கண்ணுக்கு எழுத்துகள் சிறியனவாக உள்ளன என்று வேறு செயலிக்கு மாறினார். அவரைப் பின்தொடர்ந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. எஞ்சிய கதைப் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை என் வீட்டிலும் வைத்திருக்கிறோம். கணக்கின் மின்னஞ்சல் முகவரி இப்போது ஒருவருக்குரியதாக இல்லை, மூவர் பார்க்கிறோம். பள்ளித் தவணை தொடங்கும் ஒவ்வொரு முறையும் தொகுப்பை இறக்கி வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

இந்த ஆண்டு மீண்டும் கதை சேகரிக்கத் தொடங்கியுள்ளோம். நரிக்கதை சொன்ன மாணவியின் தம்பி இப்போது எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். அதே பாட்டியிடம் கதை கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் பள்ளிகளிலும் இத்தகைய பதிவுகள் எங்கேனும் ஓர் இலவசச் சேவையில் இருக்குமானால், இந்த வார இறுதியிலேயே ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.